முழங்காலில் மண்

அத்தியாயம் பதினான்கு

ஆளை நம்பாவிட்டாலும் கறையை நம்புவாள் பெரியவள். பதினெட்டு வருஷமாக ஓட்டல் சலவைக்கூடத்தில் வேலை. மேஜைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தாலே போதும், கை தவறிக் கொட்டினதா, கோபத்தில் விசிறினதா என்று சொல்லிவிடுவாள்.

அன்று காலை அவள் கையில் இருந்தது அப்பாவின் பைஜாமா. ஆஸ்பத்திரி அழுக்குத்துணியை வழக்கமாக அம்மாவே அங்கே குழாயடியில் அலசிக் கொண்டுவந்துவிடுவாள். நேற்று அம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. தம்பி போய் மூட்டையை அப்படியே தூக்கி வந்து இவளிடம் போட்டுவிட்டுப் போயிருந்தான்.

மெஷினுக்குள் திணிக்கப் போனவள் கையை நிறுத்தினாள்.

இரண்டு முழங்காலிலும் மண்.

விழுந்து புரண்ட கறை என்றால் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போயிருக்கும். இது வட்டமாக, அழுத்தமாக இருந்தது. முட்டி போட்டு வெகுநேரம் இருந்த கறை. நகத்தால் சுரண்டினாள். ஒரே சீராக நறநறவென்று உதிர்ந்தது. கல் இல்லை, வேர் இல்லை, சருகு இல்லை. யாரோ சலித்து, தண்ணீர் விட்டு, மிதித்துக் குழைத்த மண். சுவர் வைக்கிற கலவை மண்.

"என்னடி, புதையல் கிடைச்ச மாதிரி முறைக்கிற?" என்றாள் பக்கத்து மெஷின்காரி.

"தொடையில கம்பி வச்ச மனுஷனை எவனோ முட்டி போட வச்சு வேலை வாங்கியிருக்கான்."

"ஆஸ்பத்திரியிலயா?"

"ஆஸ்பத்திரியிலதான்."

அப்பா கொத்தனார். மேஸ்திரி என்றால்தான் ஊருக்கு அவரைத் தெரியும். நாற்பத்தோரு நாளுக்கு முன்னால் இரண்டாம் மாடிச் சாரத்திலிருந்து விழுந்தார். வலது தொடை எலும்பு இரண்டாகப் போயிற்று. எலும்பைக் கம்பி வைத்து ஒட்டிவிட்டார்கள். வாயைத்தான் யாராலும் திறக்க முடியவில்லை. வார்டில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர், பெற்ற பிள்ளைகளிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

இந்த நிலைமையில்தான் ஆஸ்பத்திரியில் 'தோட்ட நேரம்' என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். தினமும் மதியம் இரண்டிலிருந்து நாலு மணிவரை நோயாளிகளை மரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போவார்களாம். காற்றும் பச்சையும் உடம்புக்கு நல்லதாம்.

கேட்டபோதே பெரியவளுக்கு உறுத்தியது. இந்தக் குடும்பத்தில் யாருக்கும் நிழலை நம்பிப் பழக்கமில்லை. வேலைத்தளத்தில் முதலாளி கூப்பிட்டு நிழலில் உட்காரச் சொன்னால், பின்னால் பெரிய சுமை ஒன்று வரப்போகிறது என்று அர்த்தம்.

செல்போன் அடித்தது. தம்பி. வீட்டில் அவன் சின்னவன், லாரி ஓட்டுகிறான்.

"அக்கா, எல்லாம் பேசி முடிச்சாச்சு. நாலு மணிக்கு ஆம்புலன்ஸ் வருது. தனியார் ஆஸ்பத்திரி. தனி ரூம், ஏசி. ஜன்னலைத் திறக்கவே வேண்டியதில்ல."

"யாரு பேசி முடிச்சது?"

"எங்க கான்ட்ராக்டர்தான்."

"அவரு சைட்டுலதானே அப்பா விழுந்தாரு. அன்னிக்கு எட்டிக்கூடப் பார்க்காம காரை எடுத்துக்கிட்டு ஓடின ஆளுதானே?"

"பழசைக் கிளறாதக்கா. மனுஷன் மனசு மாறக் கூடாதா?"

"மாறட்டும். எதுக்கு மாறினாருன்னு தெரியணும்ல?"

"நஷ்டஈடு வேணாம்னு எழுதி ஒரு காகிதத்துலகூட அவர் கையெழுத்து கேக்கல."

"இன்னும் கேக்கல."

மறுமுனையில் பெருமூச்சு. "நேத்து நானே என் கண்ணால பார்த்தேன்க்கா. காத்து வாங்கப் போறோம்னு சொல்லிட்டு அப்பாகிட்ட வேலை வாங்குறாங்க. அவரு எங்க பேச்சை எங்க கேக்குறாரு? நீ வந்து ரெண்டு வார்த்தை சொன்னா வண்டியில ஏறிடுவாரு. நாலு மணிக்கு வந்துடு."

"நாலுக்கு முன்னாலயே வர்றேன். முதல்ல பார்க்கிறேன். அப்புறம் ஏத்துறதைப் பத்திப் பேசலாம்."

பைஜாமாவை மெஷினில் போடவில்லை. சாட்சிபோல மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

*

பார்வையாளர் நேரம் மாலை ஐந்திலிருந்து ஆறு. இரண்டரை மணிக்கு வருகிறவளை வாட்ச்மேன் விடமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். ஓட்டலிலிருந்து நாலு வெள்ளை விரிப்பை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். தோளில் சுமையோடு விறுவிறுவென்று நடக்கிற பொம்பளையை எந்த வாட்ச்மேனும் நிறுத்தமாட்டான். நிறுத்தினால் ஒரு கை பிடிக்கவேண்டி வரும். அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

இரண்டு கட்டடங்களுக்கு நடுவே இருந்தது தோட்டம். அவள் சின்னப்பிள்ளையாக இருந்தபோது உடைந்த கட்டில்களைப் போட்டு வைக்கிற இடம் அது. இப்போது புல், பூச்செடிகள், ஓரத்தில் அகல இலை விரித்த வாதுமை மரங்கள். மருந்து பாட்டில் தொங்கும் கம்பியைத் தள்ளிக்கொண்டு ஒருவர் மெதுவாக நடந்தார். ஒரு கண்ணில் கட்டுப் போட்ட பெண் முகத்தைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரும் முனகவில்லை. ஆஸ்பத்திரியில் முனகல் கேட்காததே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. எதைக் கொடுத்து இவர்களை அமுக்கி வைத்திருக்கிறார்கள்?

தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் ஒதுங்கி நின்றாள். ஐந்து நிமிஷம் போயிருக்கும். காலையிலிருந்து காதுவரை ஏறிக்கிடந்த தன் தோள் தானாக இறங்கியிருப்பதைக் கவனித்தாள். இவளையும் அமுக்கப் பார்க்கிறார்கள். திரும்பவும் விறைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் அப்பாவைப் பார்த்தாள்.

சக்கர நாற்காலி காலியாக இருந்தது. அதற்கு முன்னால், மடித்துப் போட்ட, கலவை மண் அப்பிய சாக்கின் மேல், இரண்டு முட்டியையும் ஊன்றி அப்பா. கையில் கரணை. வீட்டில் அவர் கலவை பூசுவதற்கு வைத்திருந்த அதே கரணை, கைப்பிடியில் சுற்றின சைக்கிள் டியூப்போடு. பூச்செடிப் பாத்தியைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு ஒரு குட்டிச் சுவர் வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண் ஒருத்தி ஸ்டூலில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். கங்காணியேதான்.

விரிப்புகளைத் தொட்டி மேல் எறிந்துவிட்டுப் போனாள் பெரியவள்.

"யாரும்மா நீங்க? இப்ப விசிட்டிங் நேரம் இல்லையே."

"அதனாலதான் வந்தேன். விசிட்டிங் நேரத்துல நீங்க காட்டுறதைத்தானே பார்க்க முடியும்? நான் இவரோட பொண்ணு."

"நான் பிசியோதெரபிஸ்ட். உட்காருங்க."

"நிக்கிறேன். இந்தச் சுவரை வெளியில ஆள் வச்சுக் கட்டினா கூலி குடுக்கணும்ல?"

"குடுக்கணும்."

ஒப்புக்கொள்வாள் என்று இவள் எதிர்பார்க்கவில்லை. கொண்டுவந்த சண்டையில் பாதி அங்கேயே நின்றுபோயிற்று.

"ஆனா இந்தச் சுவர் எங்களுக்குத் தேவையே இல்லம்மா," என்றாள் பிசியோ. "இங்க முன்னால பாத்திக்குக் கரையா சும்மா செங்கல் நட்டு வச்சிருந்தாங்க. கம்பி வச்ச காலுக்கு முட்டியை மடக்கிப் பழக்கணும். இல்லன்னா இறுகிப்போயி ஆயுசுக்கும் கட்டை காலுதான். உங்கப்பாகிட்ட மூணு வாரம் கெஞ்சினேன், மிரட்டினேன். சுவரைப் பார்த்துக்கிட்டே படுத்திருந்தாரு. சரி, கொஞ்சம் பச்சையையாவது பார்க்கட்டும்னு இங்க கூட்டிட்டு வந்தேன். இங்க வந்தா நிறைய பேருக்கு வலி மறந்துபோகுது, ராத்திரி தூங்குறாங்க. நான் தினம் பார்க்கிறேன். இவரு மரத்தையும் பார்க்கல, பூவையும் பார்க்கல. அந்தச் செங்கல் வரிசையைப் பார்த்து மூஞ்சியைச் சுளிச்சாரு."

"கோணலா இருந்துச்சா?"

"பாம்பு மாதிரி."

பெரியவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். அடுத்தவன் கட்டின சுவர் கோணலாக இருந்தால் கல்யாண வீட்டிலும் சாப்பாட்டை நிறுத்திவிட்டு எழுந்துபோய்ப் பார்க்கிற மனுஷன் அவர்.

"மூணாம் நாள் தானா நாற்காலியிலேர்ந்து இறங்கினாரு. வலியில கண்ணுல தண்ணி. ஆனா முட்டி மடங்கிடுச்சு. அன்னிக்கு வரைக்கும் ஒரு நாளைக்கு ஆறு வலி மாத்திரை. இப்ப ரெண்டு. இதோ பாருங்க."

"நோட்டுல என்ன வேணா எழுதலாம் மேடம்."

"நோட்டை நம்ப வேண்டாம். அவரைப் பாருங்க."

பார்த்தாள். கழுத்தில் வியர்வை. உதட்டோரத்தில் மண். வேலையில் முழுகினால் நாக்கை மடித்துக் கடித்துக்கொள்கிற பழைய வழக்கம் திரும்பி வந்திருந்தது. இருந்தாலும் அவள் விடுவதாக இல்லை.

"பத்துப் பதினஞ்சு நாளா கட்டுறாரு. ஒரு கை நீளம்தான் இருக்கு. இதை எங்கப்பா அரை நாள்ல முடிச்சுட்டு பீடியைப் பத்த வைக்கிற ஆளு. கணக்கு உதைக்குதே?"

பிசியோ குரலைத் தாழ்த்தினாள். "அதான் எனக்கும் புரியல. இவரு தினமும் கட்டுறாரு. மறுநாள் வந்து பார்த்தா பிரிச்சுப் போட்டிருக்கு. தோட்டக்காரர் நான் இல்லன்னு தலையில அடிச்சு சத்தியம் பண்றாரு."

"நீங்க?"

"நான் எதுக்கும்மா பிரிக்கப்போறேன்?"

பெரியவள் அவள் கையைப் பார்த்தாள். சுத்தமான நகம். கையுறை போட்டிருக்கலாம் என்றும் நினைத்துக்கொண்டாள்.

*

"பெரியவளே, அந்த நூலைப் பிடி."

நாற்பத்தோரு நாளுக்குப் பிறகு அப்பா அவளிடம் பேசிய முதல் பேச்சு அது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் ஓடிப்போய், சுவருக்கு நேர் பார்க்கிற அந்த நூலின் ஒரு முனையைப் பிடித்தாள்.

"ஆடுது. ஒழுங்காப் பிடி."

"பிடிச்சிருக்கேன்ப்பா." கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டாள்.

"இத்தனை நாளா எங்ககிட்ட ஏன்ப்பா பேசல?"

"வந்தா ஆளாளுக்கு அழுவீங்க. அழற ஆளுங்ககிட்ட என்னத்தைப் பேசுறது?" ஒரு கல்லை வைத்து, கரணைக் காம்பால் தட்டி உட்காரவைத்தார். அப்புறம் கிசுகிசுத்தார். "என் சுவரைப் பிரிக்கிறாங்க."

"யாரு? இவங்களா?"

"ரெண்டு ஆளு. முதல் ஆளு ரொம்ப நாளா பிரிக்குது. கல்லை ஒண்ணொண்ணா எடுத்து, மண்ணை வழிச்சுத் துடைச்சு, ஆறு ஆறா அடுக்கி வச்சுட்டுப் போவுது. அது யாருன்னு எனக்குத் தெரியும்."

"யாருப்பா?"

"உனக்கெதுக்கு? நேத்து பிரிச்சது வேற ஆளு. எட்டி உதைச்சிருக்கான். மூணு கல்லு தூளு. அந்தச் செடியைப் பாரு, எப்படி நசுங்கிக் கிடக்குன்னு. அவனைப் பிடிக்காம நான் இங்கேர்ந்து நகர மாட்டேன்."

"நாலு மணிக்கு உங்களைக் கூட்டிட்டுப் போக வண்டி வருதுப்பா."

"வர்ற வண்டி திரும்பிப் போகத் தெரியாமயா வரும்?"

நசுங்கின செடியை அவள் பார்த்தாள். பச்சைத் தண்டில் அச்சுப்போல ஷூவின் அடிப்பக்கம் பதிந்திருந்தது.

*

மூன்றரைக்கு அம்மா வந்தாள், பின்வாசல் வழியாக, இடுப்பில் கையைக் கொடுத்துக்கொண்டு. மகளைத் தோட்டத்தில் பார்த்ததும் அவள் நடை ஒரு கணம் தயங்கியது. அந்த ஒரு கணம் போதும் பெரியவளுக்கு. கையைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துப்போனாள்.

"பரண் மேல கிடந்த கரணை எப்படிம்மா இங்க வந்துச்சு?"

"கேட்டாரு. கொண்டாந்தேன்."

"வாயே திறக்காத மனுஷன் கேட்டாரா?"

"கையால காட்டினாரு." அம்மா குழாயைத் திறந்தாள். பெரியவள் மூடினாள்.

"கையைக் காட்டு."

"என்னடி இது, போலீஸ் மாதிரி..."

"காட்டும்மா."

அம்மா சித்தாள் வேலையை விட்டு ஆறு வருஷம் ஆகிறது. அந்த ஆறு வருஷத்தில் அவள் உள்ளங்கை மெல்ல மெல்லச் சாதாரணப் பொம்பளைக் கையாக மாறியிருந்தது. இப்போது விரல் இடுக்கெல்லாம் பழையபடி வெடித்திருந்தது. வெடிப்புக்குள் செம்மண்.

"நீதானா?"

அம்மா சுற்றிலும் பார்த்தாள். "சத்தம் போடாத. அவருக்குத் தெரியாது."

"ஏம்மா?"

"முதல் நாள் கட்டி முடிச்சுட்டு வந்து படுத்தாரு பாரு. மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கிட்டாரு. வேலை முடிஞ்சுபோச்சுல்ல? அன்னிக்கு சாயங்காலம் ஆறு மணிக்குக் கிளம்புறப்ப இந்தப் பக்கமா வந்தேன். கை சும்மா இருக்கல, பிரிச்சுப் போட்டுட்டேன். மறுநாள் பார்த்தா மனுஷனுக்குக் கோவம். கோவத்துல ரெண்டு வாய் சோறு கூடவே தின்னாரு. சரிதான், இதுதான் மருந்துன்னு நினைச்சுக்கிட்டேன்."

"மண்ணைச் சலிச்சுக் குழைச்சு வைக்கிறதும் நீதானா?"

"வேற யாரு? ரெண்டு நாளைக்கு ஆகுற மாதிரி குழைச்சு ஈரச்சாக்கு போட்டு மூடிட்டுப் போவேன். முப்பது வருஷம் அவரு கட்டினதுக்கு நான் கலவை சுமந்தேன். நாலு நாள் நான் பிரிச்சா என்ன குறைஞ்சுபோச்சு?"

துடைத்து, ஆறு ஆறாக அடுக்கி வைக்கிற ஆள் யாரென்று தனக்குத் தெரியும் என்று அப்பா சொன்னது காதில் ஓடியது. சொல்லலாமா என்று வாயெடுத்தவள், அம்மாவின் முகத்தில் இருந்த திருட்டுப் பெருமையைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

"நேத்து நீ வரலையே. நேத்து உதைச்சது யாரு?"

"உதைச்சாங்களா?" அம்மாவின் முகம் சட்டென்று மாறியது. "நேத்து வந்தது சின்னவன்தானே?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

*

நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே ஆம்புலன்ஸ் வந்து தோட்டத்துக் கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் நின்றது. சின்னவன் இறங்கி வேகமாக வந்தான்.

"பார்த்தியாக்கா? பார்த்தியா? அவரை எப்படி வச்சிருக்காங்கன்னு பார்த்தியா?"

"உன் ஷூவைக் காட்டுடா," என்றாள் பெரியவள்.

"என்ன?"

"காட்ட வேண்டாம், விடு." பேசியது அப்பா. முட்டி போட்டபடியே மகனை நிமிர்ந்து பார்த்தார். "நேத்து நீதானே உதைச்சே?"

அப்பா பேசுகிறார் என்பதே சின்னவனுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நாற்பத்தோரு நாளாகக் காத்திருந்த குரல், வந்ததும் இப்படி வந்தது. அவன் முகம் கோணியது.

"ஆமா. உதைச்சேன். நேத்து பின்வாசல் வழியா சீக்கிரமே வந்து, மாடி ஜன்னல்லேர்ந்து பார்த்தேன். ஊரான் வீட்டுக்கெல்லாம் முட்டி போட்டது போதாதாப்பா? காலு ஒடிஞ்ச பிறகும் எவனோ வச்ச செடிக்கு முட்டி போடணுமா? எனக்கு வயிறு எரிஞ்சுது. நீங்க எல்லாம் உள்ள போன பிறகு வந்து உதைச்சேன். இன்னிக்கும் உதைப்பேன்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பிசியோ ஏதோ சொல்ல வந்தாள். பெரியவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"என்னை எவனும் முட்டி போடச் சொல்லல," என்றார் அப்பா. "நானா போட்டேன். படுத்துக் கிடந்தா, விழுந்ததே திரும்பத் திரும்ப வருதுடா. விழுந்துக்கிட்டே இருக்கேன். இங்க வந்து நாலு கல்லு வச்சா அது நிக்குது. அவ்வளவுதான்."

கரணையால் மகனின் காலடியைக் காட்டினார்.

"செங்கல்லை எடு."

"வண்டி நிக்குதுப்பா."

"நீ உதைச்ச கல்லு. நீதான் எடுத்துக் குடுக்கணும்."

சின்னவன் வேலிக்கு அப்பால் பார்த்தான். பெரியவளும் பார்த்தாள். ஆம்புலன்ஸின் முன் இருக்கையில், டிரைவருக்குப் பக்கத்தில், கான்ட்ராக்டர் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல்.

"காகிதமே கேக்கலன்னு சொன்னியேடா," என்றாள் மெதுவாக.

"எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமா அவர் வர்றாருன்னே தெரியாது. வழியில கையைக் காட்டி ஏறிக்கிட்டாரு."

"இப்பத் தெரிஞ்சிடுச்சுல்ல? அப்பா எங்கயும் வரல. போய்ச் சொல்லு."

சின்னவன் போகவில்லை. காலடியில் கிடந்த செங்கல்லைக் குனிந்து எடுத்தான். எடுத்தவன் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"அக்கா..."

"என்னடா?"

"பெட்டை எழுதிக் குடுத்துட்டேன்."

"என்னது?"

"சேர்த்தப்ப கையெழுத்து போட்டது நான்தானே. காலையிலயே வந்து, கூட்டிட்டுப் போறோம்னு எழுதிக் குடுத்துட்டேன். நீ சொன்னா அவரு ஏறிடுவாருன்னு நினைச்சேன்க்கா."

பிசியோ எழுந்து வார்டுப்பக்கம் ஓடினாள். திரும்பி வரும்போது ஓடவில்லை. "மதியமே வேற ஆளைச் சேர்த்துட்டாங்க. வார்டுல ஒரு பெட்கூடக் காலி இல்ல. உள்நோயாளியா இல்லாதவங்களை இந்தத் தோட்டத்துல வச்சுக்க எனக்கு அதிகாரமும் இல்லம்மா."

"அப்ப இவரை இன்னிக்கு எங்கடா படுக்க வைப்பே?" என்றாள் அம்மா. வீடு மூன்றாம் மாடி; படியேற அவருக்கு இன்னும் இரண்டு மாதம் ஆகும்.

வேலிக்கு அந்தப் பக்கம் வண்டியின் பின்கதவு திறந்தது. கான்ட்ராக்டர் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கினார். "நேரமாகுதுப்பா, வர்றீங்களா?" என்றார், ரொம்ப அன்பாக.

எல்லோரும் பெரியவளைப் பார்த்தார்கள்.

அப்பா மட்டும் யாரையும் பார்க்கவில்லை. சுவரை ஒரு கண்ணை மூடி நோட்டம் விட்டார். பிறகு மகன் பக்கம் கையை நீட்டினார்.

"கல்லைக் குடுடா."